மேனேஜர் இல்லாத ஊருக்கு வழி

வால்வ் கம்பெனியின் புதுப் பணியாளர் கையேடு இணையத்தில் கசிந்தது 2012 ஏப்ரலில். அன்றிலிருந்து அந்தப் பிடிஎஃப் எனக்கு எத்தனை தடவை வந்திருக்கும் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அனுப்புகிற ஆள்தான் மாறுவார், கூட வருகிற வரி மாறாது. "கம்பெனின்னா இப்படி இருக்கணும் மச்சி!" போன வாரம் அனுப்பியவர் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்திருக்கும் ஒரு நண்பர். தன் ஆபீஸில் யாருக்கும் பதவிப் பெயர் கிடையாது, மேனேஜர் என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாம் வால்வ் பாணி என்றார். பதில் எழுத உட்கார்ந்தேன். மெயிலுக்குள் அடங்காமல் போனதால் இங்கே கொட்டுகிறேன். ஆணி அதிகம் உள்ள மக்கள் சனிக்கிழமை படித்துக்கொள்ளலாம் :-)

வால்வ் யாரென்று தெரியாதவர்களுக்கு: ஹாஃப்-லைஃப், போர்ட்டல், டோட்டா 2 எல்லாம் இவர்கள் சரக்கு. நம்மில் பாதிப் பேர் ப்ரவுசிங் சென்டரில் காசைக் கரைத்த கௌன்டர்-ஸ்ட்ரைக்கும் இவர்களுடையதுதான். (அது முதலில் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்று இரண்டு பேர் ஹாஃப்-லைஃப்பை மாற்றி 1999ல் இலவசமாக விட்டது. 2000த்தில் வால்வ் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது.) கம்பெனியை 1996ல் ஆரம்பித்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இரண்டு பேருமே மைக்ரோசாஃப்டில் பொட்டி தட்டிச் சம்பாதித்தவர்கள். 2003ல் ஸ்டீம் என்ற இணையக் கடையைத் திறந்தார்கள். இன்றைக்குக் கணினி விளையாட்டு விற்கும் கடைகளில் அதுதான் பெரிய கடை. இந்தக் கடை விஷயத்தை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையேடு படிக்கச் சுவையானது. பொய் சொல்லக் கூடாது. கார்ட்டூன், கிண்டல், கடைசியில் அருஞ்சொற்பொருள் வேறு. அங்கே எல்லார் மேஜைக்கும் கீழே சக்கரம். எந்த வேலை பிடித்திருக்கிறதோ, ஒயரைப் பிடுங்கி, மேஜையைத் தள்ளிக்கொண்டு போய், அந்தக் கூட்டத்தின் பக்கத்தில் சொருகினால் முடிந்தது. மேஜைகள் இப்படி நாலாபக்கமும் ஓடுவதால் யார் எங்கே இருக்கிறார் என்று பார்க்க உள்வலையில் ஒரு வரைபடமே வைத்திருக்கிறார்கள். எந்த ப்ராஜெக்டில் வேலை செய்யணும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ராஜெக்ட் குழுவுக்கு 'கபால்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்கு ரகசியச் சதிக்கூட்டம் என்று அர்த்தம். விளையாட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். மசாஜ் உண்டு, குடும்பத்தோடு ஹவாய் பயணம் உண்டு. கேப் நியூவெலைப் பற்றிய குறிப்பில், இங்கே உங்களுக்கு பாஸ் இல்லாதவர்களிலேயே மிக மிக பாஸ் இல்லாதவர் இவர்தான் என்கிற மாதிரி ஒரு நக்கல்.

கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை டைம்ஷீட் எழுதி, அரை நாள் லீவுக்கு டேமேஜர் கேபின் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றவனுக்கு இதைப் படித்தால் கண்ணில் தண்ணி வருமா வராதா? வரும்.

சரி, கண்ணைத் துடைச்சிட்டு வாங்க. ஒரு கேள்வி இருக்கு.

2013 பிப்ரவரியில் வால்வில் சுமார் 25 பேருக்கு ஒரே வீச்சில் வேலை போனதாகச் செய்தி வந்தது. புதிதாகத் தொடங்கியிருந்த ஹார்ட்வேர் பிரிவு ஆட்களும் அதில் அடக்கம். நியூவெல் ஒரு அறிக்கை விட்டார். எந்த ப்ராஜெக்டையும் ரத்து செய்யவில்லை, முன்னுரிமை எதுவும் மாறவில்லை, யார் ஏன் போனார்கள் என்று பேசப் போவதில்லை. அவ்வளவுதான் அதன் சாரம்.

ப்ராஜெக்ட் ரத்தாகல. முன்னுரிமை மாறல. யாருக்கும் பாஸ் கிடையாது. அப்புறம் 25 பேரை வீட்டுக்கு அனுப்பினது யாரு? சக்கரம் வைத்த மேஜை அன்றைக்கு வாசல் பக்கம் உருண்டதே, பின்னாலிருந்து தள்ளிய கை யாருடையது?

அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜெரி எல்ஸ்வொர்த். சாதாரண ஆள் இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, தானாகவே சில்லு வடிவமைக்கக் கற்றுக்கொண்டு, பழைய காமடோர் 64 கணினியை ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்குக்குள் அடக்கிக் காட்டியவர். வால்வுக்கு ஹார்ட்வேர் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டபோது கூப்பிட்டு வேலைக்கு வைத்தார்கள். வேலை போன சில மாதங்கள் கழித்து, 2013 ஜூலையில் ஒரு ஒலிப்பேட்டியில் மனம் திறந்தார். மேலே பார்த்தால் சமதளம், ஆனால் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அதிகார அடுக்கு இருக்கிறது, உயர்நிலைப் பள்ளி மாதிரி இருந்தது என்றார். வகுப்பில் செல்வாக்கான கும்பல் ஒன்று இருக்குமே, அவர்கள் ஒரு பக்கம். தொல்லை பிடித்தவர்கள் என்று முத்திரை விழுந்தவர்கள் ஒரு பக்கம். நடுவில் மீதிப் பேர். தன் பிரிவுக்கு ஆள் எடுக்க நல்ல திறமைசாலிகளாகப் பார்த்துக் கூட்டி வந்தால், பழைய ஆட்கள் 'நம்ம கலாசாரத்துக்கு ஒத்துவராது' என்று தட்டிக் கழித்துவிடுவார்களாம். இந்த முறை 20 பேருக்கு நன்றாக வேலை செய்யும், 300 பேர் என்று வந்தால் உடைந்துவிடும் என்பது அவர் கணிப்பு.

இதில் அவர் நியூவெல் மேல் பெரிதாகக் கோபப்படவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. தான் செய்துகொண்டிருந்த தொழில்நுட்பத்தைக் கையோடு எடுத்துப் போகவும் அவர் அனுமதித்தார். பெரிய மனசுதான், இல்லைங்கல. ஆனா யோசிங்க: ஆராய்ச்சி செய்யலாம் என்று நம்பிப் போன ஒரு பிரிவு, மூடுவது யார் முடிவு என்று தெரியாமலே மூடப்படுகிறது. அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போக மட்டும் யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! வேண்டாதது நடக்கும்போது 'நாம எல்லாரும்', கொடை கொடுக்கும்போது கேப். கோயில் கல்வெட்டில் உபயதாரர் பெயர் மட்டும் இருக்கிற மாதிரி.

இது புதுக் கண்டுபிடிப்பும் கிடையாது. 1970லேயே ஜோ ஃப்ரீமேன் என்ற அமெரிக்கப் பெண்ணியவாதி பேசிவைத்துவிட்டார். 'கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்று அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லலாம். அன்றைய பெண் விடுதலைக் குழுக்கள் தலைவர் வேண்டாம், விதிகள் வேண்டாம் என்று முடிவு செய்து நடந்தன. அந்த இயக்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அவர் சொன்னது இதுதான்: கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதிவைக்காவிட்டால் எழுதாத கட்டமைப்பு ஒன்று தானாக வந்துவிடும். அதில் ஏற்கெனவே ஒருத்தருக்கொருத்தர் சிநேகிதமாக இருப்பவர்கள் கையில் அதிகாரம் போய் உட்காரும். அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் யாராலும் இறக்கவும் முடியாது. ஆள் எடுக்கப் போய் எல்ஸ்வொர்த் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

நம்ம டேமேஜர் எவ்வளவு மொக்கையாக இருந்தாலும் அவருக்கு ஒரு கேபின் உண்டு, கதவில் பெயர் உண்டு. அப்ரைசலில் கையை வைத்தது அவர்தான் என்று தெரியும். மூஞ்சிக்கு நேரே கேட்கலாம். அவருக்கு மேலே இருப்பவருக்கு மெயில் தட்டலாம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கேன்டீனில் நாலு பேர் முன்னால் அவரை மாதிரியே பேசிக் காட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் சின்ன விஷயமா? திட்டுவதற்கு ஒரு முகவரி வேணும் சாமி! வால்வ் மாதிரி இடத்தில் யாரைப் பேசிக் காட்டுவது? எல்லோரும் நண்பர்கள். கேட்டால் 'யாரும் எதையும் முடிவு பண்ணல, தானா அப்படி ஆயிடுச்சு' என்பார்கள்.

அங்கே அப்ரைசல் இல்லையா என்றால், பேஷா இருக்கு. கையேட்டிலேயே விளக்கியிருக்கிறார்கள். சக ஊழியர்களிடம் உங்களைப் பற்றிக் கருத்துக் கேட்டு, யார் சொன்னது என்று தெரியாதபடி பெயரை எடுத்துவிட்டு உங்களிடம் கொடுப்பார்கள். இது ஒன்று. இரண்டாவது, சம்பளத்துக்காக ஒரே வேலையில் இருப்பவர்களை ஒருத்தருக்கொருத்தர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது. தொழில் திறமை, உற்பத்தி, குழுவுக்குச் செய்தது, பொருளுக்குச் செய்தது என்று நாலு அளவுகோல். நம்ம ஊர் ஐடி கம்பெனியின் பெல் கர்வ் மாதிரி 'பத்துப் பேரில் ஒருத்தன் கட்டாயம் கடைசி' என்ற விதி அதில் இல்லை. ஆனாலும் வரிசை வரிசைதான். பக்கத்து மேஜைக்காரன் உங்களுக்கு மார்க் போடுகிறான், நீங்கள் அவனுக்குப் போடுகிறீர்கள். இரண்டு பேரும் மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடணும்.

ஒரு மேனேஜர் இருந்தால் ஒருத்தருக்குத்தான் சலாம் போட வேண்டும். மேனேஜரே இல்லை என்றால் முந்நூறு பேருக்கும் போடணும்.

இதன் விளைவு தயாரிப்பிலும் தெரிந்தது. மார்க் நன்றாக விழுகிற இடத்துக்குத்தானே மேஜை உருளும்? பெரிய கூட்டம் இருக்கிற, வெளியே தெரிகிற ப்ராஜெக்ட் பக்கம் போவது பாதுகாப்பு. தனியாக ஒரு புது விஷயத்தை ஆரம்பித்து அது ஊத்திக்கொண்டால் வரிசையில் கீழே. ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ வந்தது 2007 அக்டோபரில். கதை உச்சத்தில் நிற்கிறது, ரசிகர்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறார்கள், எபிசோட் த்ரீ வரவே இல்லை. கதாசிரியர் மார்க் லெய்ட்லா 2016ல் விலகி, அடுத்த வருடம் தன் தளத்தில் பாத்திரங்களின் பெயர்களை மாற்றி அந்தக் கதையை ஒரு கடிதமாக எழுதிப் போட்டு ஆற்றிக்கொண்டார். அடுத்த ஹாஃப்-லைஃப், அதாவது அலிக்ஸ், 2020 மார்ச்சில்தான் வந்தது. நடுவில் நடந்ததைப் பத்திரிகையாளர் ஜெஃப் கீலி அந்த வருடமே விவரமாக எழுதினார். ஒரு ஹாஃப்-லைஃப் 3 முயற்சி, லெஃப்ட் 4 டெட் 3 என்று எத்தனையோ ஆரம்பித்துப் பாதியில் காய்ந்து போயிருக்கின்றன. அவரவருக்குப் பிடித்ததைச் செய்தால் சந்தோஷமாக இருப்பார்கள் என்ற அடிப்படையே தப்பு என்று கூட்டாக ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று வால்வின் மூத்த ஆளான ராபின் வாக்கரே அதில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்து இழுத்தபோதுதான் அலிக்ஸ் முடிந்தது. கையேட்டை எனக்கு அனுப்புகிறவர்கள் யாரும் இதை இன்றுவரை அனுப்பியதில்லை.

இப்போது ஓரமாக வைத்த கடையை எடுப்போம். பதிமூன்று வருஷம் பெரிய ஹாஃப்-லைஃப் வராமலே ஒரு கம்பெனி எப்படி ஜம்மென்று ஓடுகிறது? ஸ்டீம்தான். அங்கே விற்கிற விளையாட்டில் நூற்றுக்கு 30 வால்வுக்கு. 2018 கடைசியில்தான் பெரிய விற்பனைக்காரர்களுக்கு மட்டும் 25, 20 என்று கொஞ்சம் இறக்கினார்கள். சின்ன ஆளுக்கு இன்னும் 30தான். ஒரு வழக்கில் வெளியே வந்த காகிதங்களின்படி 2021ல் வால்வில் மொத்தம் 336 பேர், அதில் ஸ்டீமுக்கு 79 பேர். ஊரெல்லாம் போகிற ஒரே ரோட்டில் டோல்கேட் போட்டு வைத்துக்கொண்டு, உள்ளே ஆபீஸில் யாரும் யாரையும் வேலை வாங்குவதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வது எனக்கு மேலாண்மைத் தத்துவமாகத் தெரியவில்லை. இதைக் கம்பெனி என்ற அமைப்பின் எதிர்காலமாகப் பார்த்து 2012ல் நீளமாக எழுதியவர் அப்போது வால்வில் பொருளாதார வல்லுனராக இருந்த யானிஸ் வரூஃபாகிஸ். ஆமாம், 2015ல் கிரீஸ் நாட்டின் நிதியமைச்சராகி ஐரோப்பாவோடு மல்லுக்கட்டினாரே, அவரேதான். டோல்கேட் இல்லாத கம்பெனி இந்தச் சக்கர மேஜையை வாங்கிப் போட்டால் ஆறு மாதத்தில் மேஜையை விற்றுச் சம்பளம் போடணும்.

'அப்ப மேனேஜர் இருக்கிற கேம் கம்பெனியெல்லாம் சொர்க்கமா?' என்று ஒருத்தர் வருவார். வரட்டும். நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் க்ரஞ்ச் என்ற பெயரில் நடப்பது கொத்தடிமைத்தனம். வால்வ் கையேட்டிலாவது, வேலை நேரம் மிஞ்சிப் போனால் திட்டமிடலில் எங்கோ கோளாறு என்று ஒத்துக்கொள்கிறார்கள். அந்த மட்டில் அவர்களுக்கு ஒரு சபாஷ். மற்ற இடங்களில் அதுவும் இல்லை.

ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 நவம்பரில் 'ஈஏ ஸ்பவுஸ்' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியரின் துணைவி எழுதியது. காலை 9 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் கட்டாய வேலை, மனுஷன் நோயாளியாகி வீட்டுக்கு வருகிறான் என்று. (நம்மைப் போல ஒரு சாதா வலைப்பதிவுதான் மக்களே. பதிவெழுதி என்ன ஆகப்போகுது என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க.) எழுதியவர் எரின் ஹாஃப்மேன் என்று 2006ல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பதிவு கிளப்பிய புகையோடு ஓவர்டைம் வழக்குகள் சேர்ந்து, ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலர், ப்ரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் என்று ஈஏ கொடுத்துத்தான் தீர்த்தது. ஏன் முடிந்தது? இத்தனை மணிக்கு வா, இத்தனை மணிக்குப் போ என்று ஒருத்தர் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு இருந்தால் சாட்சி உண்டு, சாட்சி இருந்தால் வழக்கு உண்டு. 'உனக்கா பிடிச்சுத்தானே உட்கார்ந்த' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2019ல் கட்டாய க்ரஞ்ச் கிடையாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, 2020 செப்டம்பரில் சைபர்பங்க் 2077 முடிக்க வாரம் ஆறு நாள் வேலை என்று மாற்றியது. அயோக்கியத்தனம். ஆனால் அந்த மெயிலை அனுப்பிய ஸ்டூடியோ தலைவர் ஆடம் படோவ்ஸ்கி, இதற்கான வசவு முழுவதையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அதே மெயிலில் எழுதினார். வாங்கவும் வாங்கினார். வார்த்தை தவறியவர் யார் என்று உலகத்துக்கே தெரிந்தது.

மறுபக்கம் 'கலாசாரம்' பேசும் கம்பெனிகள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் எடுத்த ரயட் கேம்ஸ் 2014ல் ஒரு புதுமை செய்தது. புதிதாகச் சேர்ந்தவர் எங்கள் கலாசாரம் பிடிக்கவில்லை என்று 60 நாளுக்குள் விலகினால், வருடச் சம்பளத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 25,000 டாலர், கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஆகா ஓகோ என்று மேலாண்மைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. வேலைக்கு எடுக்கும்போதே நீ உண்மையான கேமரா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். 2018 ஆகஸ்டில் கொட்டாக்கு தளத்தில் செசிலியா டனஸ்டாசியோ எழுதிய நீண்ட கட்டுரை வந்தபோதுதான் அந்தக் கலாசாரத்தின் முழு லட்சணம் தெரிந்தது. பெண்களுக்கு அங்கே பதவி உயர்விலும் மரியாதையிலும் என்ன நடந்தது என்று வரிசையாக வந்தது. 2019ல் 1 கோடி டாலரில் முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். கலிபோர்னியா அரசுத் துறை குறுக்கே விழுந்து தடுத்தது. கடைசியில் 2021 டிசம்பரில் 10 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிற அந்தத் திட்டத்தை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். முணுமுணுக்கக் கூடியவர்களை முதல் இரண்டு மாதத்திலேயே சலித்து எடுக்க அதைவிட நல்ல சல்லடை எது? 'நம்ம கலாசாரத்துக்கு ஒத்துவராது' என்று எல்ஸ்வொர்த் கேட்ட அதே வாக்கியம்தான். இங்கே அதற்குக் காசு வேறு.

ஃபின்லாந்தின் சூப்பர்செல் பற்றியும் கேட்பீர்கள். சின்னச் சின்ன குழு, விளையாட்டு ஊத்திக்கொண்டால் ஷாம்பெயின் உடைப்பது. நல்ல விஷயம்தான். ஒரு விளையாட்டைக் கொல்வது அதைச் செய்த குழுவே எடுக்கிற முடிவு என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அதனால் அவர்களை இந்தப் பதிவில் திட்டுவதாக இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் வேறு. நிண்டெண்டோவின் சடோரு இவாடா. ப்ரோகிராமராக இருந்து தலைவரானவர். வீ யூ ஊத்திக்கொண்டது. 2014 ஜனவரியில் அந்த நிதியாண்டின் விற்பனைக் கணிப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கு இறக்க வேண்டி வந்தது. அமெரிக்கக் கம்பெனி என்றால் அடுத்த நாளே சில நூறு பேருக்குப் பொட்டி கட்டியிருப்பார்கள். இவாடா என்ன செய்தார்? சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். மியாமோட்டோ முதலான இயக்குனர்களுக்கு 30 சதவீதம் வெட்டு. அதற்கு முந்தைய வருடம் பங்குதாரர் கூட்டத்தில், குறுகிய கால லாபத்துக்காக ஆட்களை வெட்டினால் மிச்சமிருப்பவர்கள் பயத்தோடு வேலை செய்வார்கள், பயத்தில் இருப்பவர்களால் உலகத்தை அசத்துகிற பொருளைச் செய்ய முடியுமா என்று கேட்டவர் அவர். நிண்டெண்டோ ஒன்றும் புனிதத் தலம் இல்லை. 2014லேயே ஐரோப்பாக் கிளையில் ஆள் குறைப்பு நடந்தது. ஜப்பானில் ஆளை அனுப்புவது சட்டப்படியே கஷ்டம். எல்லாம் சரி. ஆனால் தோற்றபோது எழுந்து நின்று 'நான்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். கோட்டும் டையும் போட்ட, விசிட்டிங் கார்டில் தலைவர் என்று அச்சடித்த, சுத்தமான பழைய பாணி பாஸ்.

இது வெறும் மனசுக்குப் பிடித்த கதை இல்லை, நடைமுறை விஷயம். 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ரேவன் சாஃப்ட்வேரில் 12 டெஸ்டர்களுக்கு வேலை இல்லை என்றார்கள். கூட வேலை செய்தவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். சங்கம் அமைக்க வாக்கெடுப்பு நடந்து 2022 மே மாதம் 19க்கு 3 என்று ஜெயித்தார்கள். ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற ராட்சசக் கம்பெனிக்குள்ளே நடந்தது இது, அதுவும் இருபத்துச் சொச்சம் டெஸ்டர்களால். பேச்சுவார்த்தை என்றால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி வேண்டும், அதில் நிர்வாகம் என்று ஒருத்தர் உட்கார வேண்டும். 'நாம எல்லாருமே சமம்' என்கிற இடத்தில் எந்த நாற்காலிக்கு எதிரில் போய் உட்காருவீர்கள்? அங்கே சங்கம் என்று வாயெடுத்தாலே, 'நம்மளுக்குள்ள என்னப்பா சங்கம்' என்று தோளில் கை போடுவார்கள். அந்தத் தோளில் போடுகிற கைதான் எனக்குப் பயம்.

பாஸ் இல்லாத கம்பெனி நடக்கவே நடக்காது என்றும் நான் சொல்லவில்லை. பிரான்ஸின் பொர்தோ நகரத்தில் மோஷன் ட்வின் என்று ஒன்று இருக்கிறது. 2018ல் டெட் செல்ஸ் என்ற விளையாட்டை விட்டுப் பின்னிப் பெடலெடுத்தார்கள். அது தொழிலாளர் கூட்டுறவு. எல்லோருக்கும் ஒரே சம்பளம், முடிவுகளில் எல்லோருக்கும் ஒரே ஓட்டு. அது எழுதி வைத்த விதி, கார்ட்டூன் போட்ட கையேடு இல்லை. அதற்கான விலையையும் கொடுத்தார்கள். பத்துப் பேர் அளவோடு நின்றுகொண்டார்கள். விளையாட்டு எதிர்பாராத அளவுக்கு ஓடி, அதைத் தொடர்ந்து வளர்க்க ஆட்கள் தேவைப்பட்டபோது தங்கள் கூட்டுறவை வீங்க விடாமல், அங்கே இருந்தவர்களில் சிலர் வெளியே போய் ஈவில் எம்பயர் என்று தனிக் கம்பெனி ஆரம்பித்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

வால்வில் சமத்துவம் மேஜைக் காலோடு நின்றுவிடுகிறது, பங்குப் பத்திரம் வரை ஏறுவதில்லை. அது பங்குச்சந்தைக்கே வராத தனியார் கம்பெனி. அதில் பெரிய பங்கு வைத்திருப்பவர், கையேட்டின்படி மிக மிக பாஸ் இல்லாத அந்த மனிதர், பல வருடமாக ஃபோர்ப்ஸ் கோடீஸ்வரர் பட்டியலில் இருக்கிறார். 2025ல் ஓஷன்கோ என்ற நெதர்லாந்து உல்லாசக் கப்பல் கட்டும் கம்பெனியையே வாங்கினார். ஆகவே பதவிப் பெயர் இல்லாத, டெசிக்னேஷன் இல்லாத, எல்லோரும் குடும்பம் என்கிற ஒரு இடத்தில் வேலைக்குச் சேர உங்களைக் கூப்பிட்டால், பீன் பேக் எத்தனை, ஃபூஸ்பால் மேஜை உண்டா என்று கேட்காதீர்கள். பங்கு யார் பெயரில் எத்தனை சதவீதம், என்னை அனுப்ப வேண்டும் என்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போவது யார், அவரை நான் எங்கே பார்க்கலாம், இந்த மூன்றையும் கேளுங்கள். சிரித்துக்கொண்டே 'இங்க அதெல்லாம் கிடையாது ப்ரோ' என்று பதில் வந்தால், உங்க இஷ்டம்.

டிஸ்கி 1: டேமேஜர்களுக்கு வக்காலத்து வாங்கிட்டேன்னு என் ஆபீஸ் மக்கள் யாரும் இதை பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே தலைகனம் ஜாஸ்தி.

டிஸ்கி 2: கௌன்டர்-ஸ்ட்ரைக் இன்னும் ஆடுறேன். அது வேற டிபார்ட்மென்ட்.